அருங்காட்சியகத்தில் அரசு வேலை: எந்த வாசல் யாருக்கு?

வயலை உழும்போது கலப்பையில் ஒரு செப்புத்திருமேனி தட்டுப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையலையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். சட்டம் எழுதிய காலத்துப் பத்து ரூபாய் அது. கிராம நிர்வாக அலுவலர் வருகிறார், தாசில்தார் வருகிறார், சிலை தாலுகா அலுவலகத்துக்குப் போகிறது. அடுத்து மாவட்ட அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் வந்து, இது எந்தத் தெய்வம், ஏறத்தாழ எந்த நூற்றாண்டு, என்ன அளவு, எங்கே உடைந்திருக்கிறது என்று எழுதி அறிக்கை தருகிறார். சிலை அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கப்பட்டால் பதிவேட்டில் எண் ஏறுகிறது. வேதியியலாளர் ஒருவர் அதன் மேலுள்ள களிம்பை, அதாவது செம்பில் படிந்திருக்கும் பச்சைப் படிவைப் பார்க்கிறார். இன்னொருவர் பீடம் செய்கிறார், கண்ணாடிப் பெட்டி அமைக்கிறார், விளக்கு எங்கே விழ வேண்டும் என்று முடிவு செய்கிறார். கடைசியில் ஒருவர் அதன் முன்னால் நின்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறார்.

அருங்காட்சியகத்தில் வேலை வேண்டும் என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் மனதில் இருப்பது காப்பாட்சியர் மட்டும்தான். மற்றவர்களும் அரசு ஊழியர்கள்தான், அவர்களுக்கும் தனித்தனித் தேர்வும் தகுதியும் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. எந்தத் துறைக்கு விண்ணப்பிக்கலாம் என்று தேடுவதற்கு முன்னால், அந்தச் சிலையின் பயணத்தில் எந்த இடத்தில் நிற்க உங்களுக்கு ஆசை என்று யோசிப்பது நல்லது. ஏனென்றால் துறைகளின் பெயர்கள் நம்மை ரொம்பவே குழப்பும்.

முதல் குழப்பத்தைத் தமிழ்நாட்டிலேயே பார்க்கலாம். எழும்பூர் அருங்காட்சியகம் மாநில அரசின் அருங்காட்சியகங்கள் துறையைச் சேர்ந்தது. 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகம் மாநிலத் தொல்லியல் துறையுடையது. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1948 முதல் இயங்கும் அருங்காட்சியகம் மத்திய அரசின் இந்தியத் தொல்லியல் துறையுடையது. திருநெல்வேலியில் இருக்கும் மாவட்ட அறிவியல் மையம் கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழுமத்தின் கிளை. கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் இருக்கும் பெரியார் அறிவியல் மையமும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், ஆனால் அது மாநில அரசுடையது. உள்ளே நுழையும் பார்வையாளருக்கு எல்லாம் ஒன்றுதான். வேலை தேடுபவருக்கு ஒவ்வொன்றும் தனி வாசல்.

மாநில அருங்காட்சியகங்கள் துறையை எடுத்துக்கொள்வோம். 1851இல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகம், அதாவது எழும்பூரில் இருப்பது, இந்தியாவில் கொல்கத்தாவுக்கு அடுத்தபடி பழமையானது. அமராவதிச் சிற்பங்கள், சோழர் செப்புத்திருமேனிகள், ரோமானிய நாணயங்கள், திமிங்கல எலும்புக்கூடு, பாடம் செய்த விலங்குகள், உலர்தாவரங்கள் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அதனால்தான் காப்பாட்சியர் பணியும் பாடவாரியாகப் பிரிந்திருக்கிறது: தொல்லியல், மானிடவியல், நாணயவியல், விலங்கியல், தாவரவியல், நிலவியல், கலை, வேதிப் பாதுகாப்பு என்று. இங்கேதான் அதிர்ஷ்டம் வந்து உட்காருகிறது. விலங்கியல் பிரிவில் ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடம் விலங்கியல் முதுகலைக்குத்தான். வரலாறு படித்தவர் அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு மூடி வைக்க வேண்டியதுதான்.

தேர்வு டி.என்.பி.எஸ்.சி. வழியாக நடக்கும். பாடத் தாளில் எவ்வளவு எடுத்தாலும், தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் வாங்காவிட்டால் மற்ற தாள் திருத்தப்படாது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இட ஒதுக்கீடு உண்டு. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கிராமத்துக் கல்லூரியில் தமிழில் வரலாறு படித்த ஒருவருக்கு டெல்லித் தேர்வுகளைவிட இது நெருக்கமான களம். குறை ஒன்றே ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: அறிவிப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தாலும் இடங்கள் கைவிரலுக்குள் அடங்கிவிடும். இதை மட்டும் நம்பி மூன்று, நான்கு ஆண்டுகள் வீட்டில் உட்கார்ந்து படிப்பது சரியான முடிவு இல்லை என்பது என் கருத்து. குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டே இதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பொது அறிவுப் பாடத்திட்டம் பெரும்பகுதி ஒத்துப்போகும்.

வேலை கிடைத்துவிட்டால் எப்படி இருக்கும்? எழும்பூரில் இருப்பதும் மாவட்டத்தில் இருப்பதும் இரண்டு வேறு வேலைகள். எழும்பூரில் உங்கள் பாடம், உங்கள் சேகரிப்பு, நூலகம், பக்கத்திலேயே ஆய்வகம். ஆராய்ச்சியில் ஆர்வம் உள்ளவருக்கு அது போதும். மாவட்டத்தில், அதாவது திருச்சி ராணி மங்கம்மாள் மகால் மாதிரி ஒரு கட்டடத்திலோ 1910இல் தொடங்கிய புதுக்கோட்டை அருங்காட்சியகத்திலோ, நடுகல், ஓலைச்சுவடி, புதைபடிவம், பாடம் செய்த பறவை எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் பொறுப்பு. கூரை ஒழுகினால் பொதுப்பணித் துறைக்குக் கடிதம் எழுதுவதும், மே 18 உலக அருங்காட்சியக நாளுக்குப் பள்ளிகளில் ஓவியப் போட்டி நடத்துவதும், தேர்தல் வந்தால் தேர்தல் பணிக்குப் போவதும் நீங்கள்தான். ஆண்டுதோறும் இருப்புச் சரிபார்ப்பு வேறு. பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே பொருள் இருக்கிறதா என்று ஒன்றுவிடாமல் பார்க்க வேண்டும். சிலைத் திருட்டு வழக்குகள் இவ்வளவு வந்த பிறகு அந்தப் பதிவேட்டில் ஒவ்வொரு கையெழுத்துக்கும் கனம் கூடிவிட்டது. எழுத்து வேலை பிடிக்காதவர் காப்பாட்சியர் பதவிக்கு ஆசைப்படக் கூடாது. நாளில் பாதி எழுத்து வேலைதான்.

ஆனாலும் மாவட்டக் காப்பாட்சியர் வேலையில் ஒரு சுகம் உண்டு. ஒரு மாவட்டத்தின் மண்ணுக்குள் இருந்து என்ன வந்தாலும் முதலில் பார்க்கும் நிபுணர் அவர்தான். கொங்கு நாட்டில் ரோமானியக் காசுகள் நிறைந்த பானை கிடைத்த காலம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பதவி உயர்வு மெதுவாக வந்தாலும், ஒரே பதவியில் பத்தாண்டு முடித்தால் தேர்வுநிலை, இருபதாண்டு முடித்தால் சிறப்புநிலை என்று மாநில அரசில் ஊதியம் ஏறிவிடும். அதனால் ஏணி குட்டையாக இருப்பது சம்பளத்தை முழுவதும் கட்டிப்போடாது.

பக்கத்து வாசல் மாநிலத் தொல்லியல் துறை. 1961இல் தொடங்கியது. கீழடியைத் தவிர மதுரை திருமலை நாயக்கர் அரண்மனையும் தரங்கம்பாடியில் டேனியர் கட்டிய கோட்டையில் உள்ள அருங்காட்சியகமும் இந்தத் துறையின் பொறுப்பு. ஆனால் இங்கே தொல்லியல் அலுவலராகச் சேர்ந்தால் அருங்காட்சியகம் உங்கள் வாழ்க்கையில் ஒரு பகுதிதான். அகழாய்வுப் பருவத்தில் குழியில் நிற்க வேண்டும், வெயிலில் மண்ணடுக்கு வரைய வேண்டும், முகாமில் தங்க வேண்டும். அறைக்குள் பொருளோடு உட்கார ஆசைப்படுபவருக்கு எழும்பூர், வெளியே போக ஆசைப்படுபவருக்குத் தொல்லியல் துறை. இந்த இரண்டுக்கும் இடையில் தேர்ந்தெடுக்க இதைவிடச் சிக்கலான அளவுகோல் தேவையில்லை.

தொல்லியல் துறையிடம் இன்னொரு நல்ல விஷயம் இருக்கிறது. முதுகலை முடித்தவர்களுக்கு அந்தத் துறையின் தொல்லியல், அருங்காட்சியகவியல் நிறுவனம் சென்னையில் உதவித்தொகையோடு இரண்டாண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. தமிழ் பிராமியும் வட்டெழுத்தும் படிக்கக் கற்றுக்கொள்வதோடு களப்பயிற்சியும் கிடைக்கும். எந்த வாசலில் நுழைய நினைத்தாலும் இந்தப் பட்டயம் வீண் போகாது. எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்பவருக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

சரி, மத்திய அரசு. டெல்லி தேசிய அருங்காட்சியகத்தின் உதவிக் காப்பாட்சியர், துணைக் காப்பாட்சியர் போன்ற பதவிகள் யு.பி.எஸ்.சி.யின் நேரடி நியமன அறிவிப்பில் வரும். இது சிவில் சர்வீஸ் தேர்வு இல்லை. விண்ணப்பங்களைத் தகுதி, அனுபவம் பார்த்துச் சலித்து, நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். விண்ணப்பங்கள் அதிகமானால் எழுத்துத் தேர்வும் வைக்கலாம். பரோடாவிலோ பனாரஸிலோ நொய்டாவில் உள்ள இந்தியப் பாரம்பரிய நிறுவனத்திலோ அருங்காட்சியகவியல் அல்லது கலை வரலாறு படித்தவர்களோடு போட்டி போட வேண்டியிருக்கும். டெல்லியிலேயே வாழ்க்கை என்பது ஒத்துவந்தால் முயலலாம். ஹைதராபாத் சாலார் ஜங், கொல்கத்தா இந்திய அருங்காட்சியகம் மாதிரி தன்னாட்சி அமைப்புகள் தங்கள் பணியிடங்களுக்குத் தாங்களே விளம்பரம் கொடுக்கும். அந்தந்த இணையதளத்தை அவ்வப்போது பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இந்தியத் தொல்லியல் துறையில் ஒரு பெயர்ப் பொறி இருக்கிறது. அங்கே ‘கன்சர்வேஷன் அசிஸ்டென்ட்’ என்று ஒரு பதவி உண்டு. பொருட்களைப் பாதுகாக்கும் வேலை என்று நினைத்து வரலாற்றுப் பட்டதாரிகள் ஆவலாக அறிவிப்பைத் திறப்பார்கள். உள்ளே சிவில் இன்ஜினியரிங் டிப்ளமோ கேட்டிருக்கும். கோயில், கோட்டை, மண்டபம் ஆகிய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பணி அது. சிவில் டிப்ளமோ முடித்து, புது அடுக்குமாடிகளைவிடப் பழைய சுண்ணாம்புச் சுவரில் ஆர்வம் உள்ளவருக்கு அருமையான வேலை. வரலாறு படித்தவருக்கு அங்கே இடமில்லை.

பொருளைப் பாதுகாக்க விரும்புபவர் பார்க்க வேண்டியது வேதியியல் பக்கம். இந்தக் கட்டுரையில் நான் அதிக நேரம் நிற்க விரும்புவது இங்கேதான், ஏனென்றால் எம்.எஸ்சி. வேதியியல் முடித்த எத்தனையோ பேர் மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு அறையைத் தவிர வேறு வழி இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மண்ணுக்குள் நூற்றாண்டுகள் கிடந்த செப்புத்திருமேனியில் குளோரைடு உப்பு புகுந்திருக்கும். வெளியே எடுத்து, ஈரக்காற்று பட்டதும் அந்த உப்பு செம்போடு சேர்ந்து வேலையைத் தொடங்கும். அங்கங்கே வெளிர்பச்சைத் தூள் பூக்கும். தட்டினால் உதிரும், அடியில் குழி விழுந்திருக்கும். பச்சைக் களிம்பு எல்லாமே கெடுதல் இல்லை. வழவழப்பாக, கெட்டியாக இருக்கும் களிம்பு உலோகத்தைக் காக்கிறது, அதைத் தேய்த்தால் சிலையின் வயதையே தேய்த்த மாதிரி. எது காக்கும் களிம்பு, எது அரிக்கும் களிம்பு என்று கண்டுபிடிப்பதுதான் வேதியியலாளரின் முதல் வேலை. அப்புறம் காரக் கரைசலில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஊறவைத்து, கரைசலை மாற்றி மாற்றி, வெள்ளி நைட்ரேட் விட்டு இன்னும் குளோரைடு வருகிறதா என்று சோதித்து, நின்றபின் உலர்த்தி, அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் பூசி, காற்றின் ஈரப்பதம் கட்டுப்பட்ட பெட்டியில் வைக்க வேண்டும். அவசரக்காரருக்கு ஆகாத வேலை.

சென்னை அருங்காட்சியகத்தின் ஆய்வகம் 1930களிலேயே இந்த வேலையில் பெயர் பெற்றது. எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் மின்பகுப்பு முறையில் செப்புத்திருமேனிகளைச் சுத்தம் செய்து காப்பாற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்கள் எந்த முறையில் தீட்டப்பட்டவை என்றும் ஆராய்ந்தார். இந்திய அளவில் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர்.

இன்றைய தேதியில் வேதியியல் படித்தவருக்கு எழும்பூர் ஆய்வகம், இந்தியத் தொல்லியல் துறையின் அறிவியல் பிரிவு என்று இரண்டு முக்கிய வழிகள். அறிவியல் பிரிவு 1917இல் தொடங்கியது, தலைமையகம் டேராடூனில். இரண்டிலும் வேதியியல்தான், ஆனால் அன்றாடம் வேறு. எழும்பூரில் பொருள் உங்கள் மேசைக்கு வரும். அறிவியல் பிரிவில் நீங்கள்தான் பொருளிடம் போக வேண்டும், அந்தப் பொருள் பெரும்பாலும் ஒரு கோயில் சுவராக இருக்கும். சாரத்தின் மேல் நின்று பாசியும் வௌவால் எச்சமும் படிந்த கல்லைச் சுத்தம் செய்வது, சுவரோவியத்தில் பெயர்ந்து நிற்கும் சுதையைப் பசை செலுத்தி ஒட்டவைப்பது, இப்படி. தஞ்சையில் சோழர் ஓவியத்தின் மேல் இருந்த நாயக்கர் கால ஓவிய அடுக்கை உரித்தெடுத்துத் தனிப் பலகையில் ஏற்றியது அந்தப் பிரிவின் கைவேலைதான்.

இடங்கள் அறிவியல் பிரிவில் ஒப்பீட்டளவில் அதிகம், ஆனால் நாட்டில் எங்கு வேண்டுமானாலும் மாற்றல் வரும். எழும்பூரில் மாற்றல் தொல்லை குறைவு, இடங்களோ மிகச் சில. வயது இருபத்தைந்துக்குள், ஊர் ஊராகப் போகத் தயார் என்றால் நான் அறிவியல் பிரிவைத்தான் சொல்வேன். பத்தாண்டில் பார்க்கும் பொருள் வகைகள் அவ்வளவு. குடும்பப் பொறுப்பால் சென்னையை விட்டு நகர முடியாது என்பவர் எழும்பூர் அறிவிப்புக்குக் காத்திருக்கலாம், ஆனால் கையில் வேறொரு வேலையோடு காத்திருக்க வேண்டும். உயர்பதவிகளுக்கு யு.பி.எஸ்.சி., கீழ்நிலைத் தொழில்நுட்பப் பதவிகளுக்கு எஸ்.எஸ்.சி. (மத்தியப் பணியாளர் தேர்வாணையம்) என்று மத்திய அரசில் பாதை பிரியும். எஸ்.எஸ்.சி.யின் ‘செலக்‌ஷன் போஸ்ட்’ தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ்வழியில் படித்தவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். லக்னோவில் 1976 முதல் இயங்கும் தேசிய பாதுகாப்பு ஆய்வுக்கூடம் இந்தத் துறையில் பயிற்சிகள் நடத்துகிறது. அந்தச் சான்றிதழ் விண்ணப்பத்துக்கு நல்ல பலம்.

இனி, முதுகலையும் வேண்டாம், களிம்பும் வேண்டாம், கையில் தொழில் இருக்கிறது என்பவர்கள். ஐடிஐ ஃபிட்டர், தச்சர், எலக்ட்ரீசியன், எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ, நுண்கலைப் பட்டம். இவர்களை யாரும் அருங்காட்சியக வேலைக்கு உரியவர்களாக நினைப்பதே இல்லை. எனக்கென்னவோ மற்ற எல்லாரையும்விட இவர்களுக்குத்தான் வழி தெளிவாக இருக்கிறது என்று தோன்றுகிறது.

தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழுமம் 1978இல் உருவானது. தென்னிந்தியக் கிளைகளுக்குப் பெங்களூரு விசுவேசுவரய்யா அருங்காட்சியகம் தலைமை. திருநெல்வேலி, கலபுரகி, திருப்பதி, கோழிக்கோடு மையங்கள் அதன் கீழ் வரும். இந்த அருங்காட்சியகங்களில் பார்வையாளர் தொடாமல் பார்க்கும் பொருள் குறைவு. எல்லாம் இழுத்து, சுழற்றி, அழுத்திப் பார்க்க வேண்டியவை. நூறு பிள்ளைகள் ஒரே நாளில் ஒரு கைப்பிடியைச் சுற்றினால் அது சாயங்காலத்துக்குள் கழன்றுவிடும். அதைச் சரிசெய்ய ஒருவர் வேண்டும். புதிதாக ஒன்றை வடிவமைத்துத் தங்கள் பட்டறையிலேயே செய்யவும் ஆள் வேண்டும். பேருந்துக்குள் கண்காட்சியை ஏற்றிக்கொண்டு கிராமப் பள்ளிகளுக்குப் போகும் திட்டமும் உண்டு. ஆய்வகமே இல்லாத ஒரு பள்ளியில் போய் வண்டியை நிறுத்தி, அதை இயக்கிக் காட்டுவது சாதாரண வேலை இல்லை.

பத்தாம் வகுப்போடு ஐடிஐ முடித்தவர்களுக்கு ‘டெக்னீசியன் ஏ’, மூன்றாண்டு டிப்ளமோவுக்கு ‘டெக்னிக்கல் அசிஸ்டென்ட் ஏ’, நுண்கலைப் பட்டத்துக்கு ‘எக்ஸிபிஷன் அசிஸ்டென்ட்’, அறிவியல் பட்டதாரிக்கு ‘எஜுகேஷன் அசிஸ்டென்ட்’ என்று அறிவிப்பு வரும். ஏழாவது ஊதியக் குழுவின்படி டெக்னீசியனுக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய், டெக்னிக்கல் அசிஸ்டென்டுக்கு 29,200. அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் தனி. ஐடிஐ முடித்த உடனே விண்ணப்பிக்க முடியாது, ஓரிரு ஆண்டு அனுபவம் கேட்பார்கள். அதை எந்தப் பட்டறையில் வேண்டுமானாலும் சம்பாதிக்கலாம் என்பதுதான் இதில் உள்ள வசதி. காப்பாட்சியர் வேலைக்குக் கேட்கும் அனுபவத்தைத் தெருமுனையில் வாங்க முடியாது.

அந்த அனுபவப் பிரச்சினையில்தான் முதுகலைக்காரர்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வேலை கிடைக்க அனுபவம் வேண்டும், அனுபவம் கிடைக்க வேலை வேண்டும். அகழாய்வுத் திட்டங்களில் வரும் ஒப்பந்தப் பணி, முட்டுக்காட்டில் தக்‌ஷிணசித்ரா மாதிரி தனியார் அருங்காட்சியகம், பெங்களூரில் பாரம்பரியத்தைப் பேணும் இன்டாக் அமைப்பின் பாதுகாப்பு மையம் போன்ற இடங்களில் இரண்டு, மூன்று ஆண்டுகள் குறைந்த சம்பளத்துக்கு உழைப்பது இந்த முடிச்சை அவிழ்க்கும் வழி. ஒப்பந்த வேலை நாளைக்கு நிரந்தரமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதைப் பயிற்சியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து கிளம்பும்போது அனுபவச் சான்றிதழைக் கவனமாக வாங்க வேண்டும். “இவர் எங்களிடம் பணிபுரிந்தார், நன்னடத்தை உடையவர்” என்று இரண்டு வரி எழுதித் தந்தால் அது எந்தத் தேர்வாணையத்திலும் செல்லாது. பதவியின் பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள், முழுநேரமா பகுதிநேரமா, சம்பளம், செய்த வேலைகள் என்ன என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ‘பொருட்களைப் பதிவு செய்தல்’, ‘நிலை அறிக்கை தயாரித்தல்’, ‘காட்சிப்படுத்துதல்’ என்று உண்மையில் செய்ததை வேலைவாரியாக எழுதச் சொல்லுங்கள். விண்ணப்பத்தைச் சலிப்பவர் உங்களைப் பார்க்கப்போவதில்லை, அந்தத் தாளைத்தான் பார்ப்பார். விலகிய பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள், வேலையில் இருக்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.